கடைக்குத் திரும்பி நடந்த விளக்கு

ஆலங்குறிச்சி பஜாரில், ஏமாற்றி வாங்கிப்போன சாமான்கள் தாமாகவே கடைக்குத் திரும்பி வரத் தொடங்கிய அந்தத் தை மாதத்தில், முதலில் வந்து சேர்ந்தவை தங்கபுஷ்பத்தின் பாத்திரக்கடையிலிருந்து போன எவர்சில்வர் டம்ளர்கள்தான். அவை தென்காசி பஸ்ஸில் வந்தன. எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு படியிலிருந்து ஒவ்வொன்றாகக் குதித்து, பூக்கடை வாசல்களின் ஈரத்தைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையார் கோயில் முக்கில் படுத்திருந்த மாட்டைத் தொந்தரவு செய்யாமல் ஒதுங்கி, பஜாரின் நடுவே கிணுகிணுவென்று உருண்டு வந்து, அப்போதுதான் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்த தங்கபுஷ்பத்தின் காலடியில் நின்றன. பின்னாலேயே வந்த கண்டக்டர், இதற்கெல்லாம் டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று சட்டத்தில் இல்லை என்றும், உட்கார இடம் கேட்காததால் விட்டுவிட்டதாகவும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

தங்கபுஷ்பம் ஒரு டம்ளரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விளிம்புக்குக் கீழே 'மீனலோசனி – ராஜகுமார்' என்று பெயர் வெட்டியிருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

அந்தப் பெயர்களை வெட்டியவர் கடையில் நெடுநாளாக வேலை பார்க்கும் மீரான் பாய். முந்தின வாரம் ஒரு முகூர்த்த நாளின் காலையில், ஷட்டரைத் தூக்கி விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மனுஷரும் பட்டுச்சேலை உடுத்திய அவர் சம்சாரமும் வந்து இறங்கினார்கள். மகளுக்குச் சீர் சாமான் என்றார்கள். அண்டா, குத்துப்போணி, இட்லிக் கொப்பரை, தாம்பாளம், குடம், தூக்கு, டம்ளர் என்று கடையில் பாதியை எடுத்து வைத்தார்கள். எல்லாவற்றிலும் பொண்ணு மாப்பிள்ளை பேர் வெட்ட வேண்டும் என்றார்கள். பெயர் வெட்டச் சொல்கிறவர்களைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? மீரான் பாய் பெயர் வெட்டும் மிஷினைப் பிடித்து மத்தியானம் வரை குனிந்த தலை நிமிராமல் வெட்டினார். கடைசியில் அந்த மனுஷர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். பணம் போய்விட்டதாகப் பச்சையில் ஒரு குறி தெரிந்தது. தங்கபுஷ்பத்தின் போனுக்கு ஒரு தகவலும் வரவில்லை.

அவள் கேட்டிருக்கலாம். ஆனால் அது முதல் போணி. ஆலங்குறிச்சி பஜாரில் முதல் போணிக்காரரிடம் அதட்டிப் பேரம் பேச மாட்டார்கள், இல்லை என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள், பணம் வந்ததா என்று இரண்டாவது தடவை கேட்கவே மாட்டார்கள். கேட்டால் அன்றைக்கு முழுக்க யாவாரம் விளங்காது, அந்த வருஷமே விளங்காது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள். வந்த மனுஷருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தங்கபுஷ்பம் அந்தப் பச்சைக் குறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மகராசியா இருக்கட்டும் பிள்ளை" என்று வாழ்த்தி, குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றி அனுப்பினாள்.

பணம் வரவில்லை. வங்கியில் கேட்டதற்கு அப்படி ஒரு பணம் புறப்படவே இல்லை என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு, "பாப்போம்" என்றார்கள். புருஷன் ஆதிலிங்கம் காலமான பிறகு, கடையை வித்துட்டு வீட்டில் இரு என்று சொன்ன சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஒதுக்கிவிட்டுத் தனி ஒருத்தியாகக் கல்லாவில் உட்கார்ந்தவள் அவள். போன சரக்கு முழுக்க மொத்த வியாபாரியின் நம்பிக்கையில் வந்தது. கடை இனி நிலைக்காது என்றே அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். டம்ளர்கள் வந்தது அப்போதுதான்.

டம்ளர்களுக்குப் பின்னால் தூக்குகள் வந்தன. குடங்கள் வாய்க்கால் வழியே மிதந்து வந்து படித்துறையில் கரையேறின, துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அண்டா மட்டும் ரோட்டு வழியாகத்தான் வர முடிந்தது. அது வரும் சத்தம் மேட்டுப் பாலத்திலேயே கேட்டுவிட்டதால் செங்கல் லாரிகள் ஓரங்கட்டி நின்று, அது போனதும் கிளம்பின. இட்லிக் கொப்பரை பாதி அடுப்பில் இருக்கும்போதே இறங்கிப் புறப்பட்டுவிட்டது போலிருக்கிறது, மூடியைத் திறந்தால் இட்லிகள் வெந்தும் வேகாமலும் இருந்தன. மீரான் பாய் அதை உள்ளே அடுப்பில் ஏற்றி வேகவைத்து, பஸ் ஸ்டாண்டில் பசியோடு இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஊரில் இதைப் பற்றி ரொம்பப் பேர் பேசியது, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்பதைத்தான். அடுத்தடுத்த நாட்களில் ஜவுளிக்கடையில் போலியை மாற்றி வைத்துவிட்டுத் தூக்கிப்போன பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் வந்து கவுண்டரில் ஏறிப் படுத்தது. கள்ள நோட்டுக் கொடுத்து வாங்கிப்போன அரிசி மூட்டை, வழியெல்லாம் மூச்சு வாங்கி, மளிகைக்கடைப் படியில் தொம்மென்று உட்கார்ந்தது. ரீசார்ஜ் கடைக்காரர், தன் கடையிலிருந்து போனது கண்ணுக்குத் தெரியாத சரக்கு, அது திரும்பி வந்தாலும் எப்படித் தெரியும் என்று வருத்தப்பட்டார்.

பஜார் இதற்கென்று ஒரு ஒழுங்கு செய்துகொண்டது. காலையில் கடை திறந்ததும் நடுத் தெருவைச் சாமான்களுக்கு விட்டு மனுஷர்கள் ஓரமாக நடந்தார்கள். மாலை ஆனதும் யாருடையது யாருக்கு என்று தெரியாமல் நிற்பவற்றைக் கோயில் மண்டபத்தில் ஏற்றி வைத்தார்கள். இல்லாத அந்தப் பொண்ணு மாப்பிள்ளையின் பெயர் வெட்டிய பாத்திரங்களை இனி யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள் என்பதால் தங்கபுஷ்பம் அவற்றை ஊர் விசேஷங்களுக்கு வாடகைக்கு விட்டாள். நாளடைவில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "மீனலோசனிக்குப் பிள்ளை உண்டா?" என்று கேட்கும் அளவுக்கு அந்த இரண்டு பேரும் ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் இசக்கிராஜா ஜவுளிக்கடைக்காரர். எதையும் விட்டுவைக்காமல் காசாக்கத் தெரிந்தவர். பஜாரின் இரண்டு முனையிலும் பெரிய எழுத்தில் பலகை வைக்க ஏற்பாடு செய்தார். 'இந்தப் பஜாரில் ஏமாற்றி வாங்கும் பொருள் உங்கள் வீட்டில் தங்காது' என்று அதில் எழுதியிருந்தது. அதன் பிறகு ஏமாற்றுக்காரர் ஒருவர்கூட ஆலங்குறிச்சிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நோட்டைச் சோதிக்கும் நீல விளக்கு மூலையில் தூசி படிந்தது. கேமராவை வாங்கியவர்கள் ஏன் வாங்கினோம் என்று நொந்துகொண்டார்கள். போலீஸ் காக்காததை, வங்கி காக்காததை, பாத்திரமும் சேலையும் தாமே நடந்து காத்துவிட்டன. தங்கபுஷ்பம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்து மத்தியானத்தில் கண்ணயர்ந்தாள்.

பங்குனி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குத்துவிளக்கு வந்தது.

பித்தளைக் குத்துவிளக்கு, இடுப்பு உயரம். அது உருளவில்லை, அடிப்பாகத்தை ஒரு பக்கம் தூக்கி வைத்து, மறு பக்கம் தூக்கி வைத்து, கனமான உடம்புக்காரி நடப்பது போல டக் டக்கென்று நடந்து வந்தது. ஐந்து முகத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, கழுத்தில் குங்குமம் காயவில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அது தங்கபுஷ்பத்தின் கடைப் படியில் ஏறி, கல்லாவுக்கு எதிரே வந்து நின்றது. அடிவட்டத்தில் 'உலகம்மாள் மகள் மாரிச்செல்வி' என்று பெயர் வெட்டியிருந்தது.

"பீடி சுத்துற உலகம்மாளா?" என்றார் வேடிக்கை பார்த்த ஒருவர். "அவளா இப்படிச் செஞ்சா?"

"மொகத்தைப் பாத்தா தெரியுமா?" என்றார் இன்னொருவர்.

மீரான் பாய் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். உலகம்மாள் ஏமாற்றவில்லை. பீடிக்கட்டு மாதிரி அடுக்கி வைத்த சீட்டுப் பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்து முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் அந்த விளக்கை வாங்கினாள். ஏமாற்றியது வேறு. அந்த விளக்கின் தண்டுக்குள்ளும் அடிவட்டத்துக்குள்ளும் அரக்கை உருக்கிச் செங்கல் பொடி கலந்து ஊற்றியிருந்தது. மொத்த வியாபாரியிடமிருந்து விளக்குகள் அப்படித்தான் வரும். தராசில் வைக்கும்போது அரக்கும் பித்தளை விலைக்குப் போகும். அந்தப் பஜாரில் விளக்கு விற்கிற எல்லோரும் அப்படித்தான் விற்றார்கள். ஆதிலிங்கமும் அப்படித்தான் விற்றான். எடை போடும்போது "சுத்தப் பித்தளை, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்வது, வாங்க என்று சொல்வதைப் போல அவள் நாக்கில் பழகிப்போயிருந்தது. அதை அவள் பொய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது அந்தப் பொய் கழுத்தில் குங்குமத்தோடு எதிரே நின்றது.

பொய் சொல்லி வாங்கியதுதான் திரும்பும் என்று பலகை சொன்னது. பொய் சொல்லி விற்றதும் திரும்பும் என்பதை அந்த நிமிஷத்தில் ஆலங்குறிச்சியில் இரண்டே பேர் அறிந்திருந்தார்கள். ஒருவர் மீரான் பாய். அவர் தன் மிஷினைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, அந்தப் புள்ளைக்கு நாளான்னைக்கு கல்யாணம் உறுதி பண்ண வர்றாவ" என்று மட்டும் சொன்னார்.

இசக்கிராஜா சாயங்காலம் வந்தார். அவர் கடையிலும் சாயம் நிற்காத சேலை நிறைய உண்டு, அவருக்கும் விளங்கிவிட்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மதினி, நீங்க பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். ஊரு என்ன நெனைக்கோ நெனைச்சிட்டுப் போவுது. நீங்க வாயத் தொறந்தீங்கன்னா இன்னிக்கு விளக்கு, நாளைக்குத் துணி, அதுக்கு மறுநாள் பருப்பு. பஜார்ல ஒரு கடை நிக்காது. இப்பதான் ஏமாத்துக்காரப் பயலுவ தொல்லை ஓஞ்சு நிம்மதியா மூச்சு விடுதோம்."

"அவ மக கல்யாணம் அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம்.

"கல்யாணம் இன்னொண்ணு வரும். கடை வருமா?"

கடை போய்விடும் என்று நினைத்துக் கிடந்த அந்த ராத்திரிகள் அவளுக்கு மறக்கவில்லை. இந்தக் கடையைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்தோம் என்பதும், இன்னொரு தடவை அதைத் தாங்க உடம்பில் தெம்பு இல்லை என்பதும் நினைவுக்கு வந்தன. அவர் போன பிறகு பார்த்தால், விளக்கு கல்லாவை நோக்கி ஒரு எட்டு முன்னால் வந்திருந்தது.

மறுநாள் உலகம்மாளே வந்தாள். பீடி இலை வெட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றாள், மேலே ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர், கடையம் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் வெள்ளத்துரை, ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தார்: விளக்கே தங்காத வீட்டில் பெண் எடுப்பதைப் பற்றி ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம்.

"ஏக்கா" என்றாள் உலகம்மாள். "ராவெல்லாம் ஒறங்காம யோசிச்சேன். நான் என்ன ஏமாத்துனேன்னு எனக்கே வெளங்கல. அப்பறம் ஒண்ணு ஞாவகம் வந்துச்சு. உங்களுக்குத் தந்த பணத்துல ஒரு நோட்டு ஓரம் கிழிஞ்சது இருந்துச்சு. டேப் ஒட்டியிருந்தேன். தெரிஞ்சா வாங்க மாட்டீங்களோன்னு பயந்து நடுவுல வச்சுத் தந்தேன். உங்கட்டச் சொல்லல. அதுதானாக்கா?"

கிழிந்த நோட்டு வந்ததாகவே தங்கபுஷ்பத்துக்கு நினைவில்லை. அவள் அதை எடுத்து யாருக்காவது நடுவில் வைத்துக் கொடுத்திருப்பாள், அவ்வளவுதான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"இருக்கும் உலகம்மா" என்று வந்தது. "சில நேரம் அப்படியும் இருக்கும்."

உலகம்மாள் தலையை ஆட்டினாள். காரணம் தெரிந்துவிட்டதில் அவள் முகத்தில் ஒரு ஆறுதல்கூட வந்தது. "வேற நல்ல நோட்டு தந்துட்டா விளக்கு வந்துருமாக்கா?" என்று கேட்டாள். தங்கபுஷ்பம் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்ளவே, அவள் மெதுவாக நடந்து போனாள். விளக்கு இன்னும் ஒரு எட்டு வைத்தது. அன்றைக்குக் கடை சாத்தும்போது அது கல்லாப்பெட்டியை முட்டிக்கொண்டு நின்றது. மீரான் பாய் அதைத் தள்ளி வைக்க முயன்று முடியாமல் விட்டுவிட்டு, வழக்கமாகச் சொல்லும் "வாரேங்க்கா" சொல்லாமலே வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் கூடினார்கள். வெள்ளத்துரை தன் சொந்தக்காரர்களோடு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார், கெட்ட மனுஷர் இல்லை, ஒரே மகனுக்காகப் பயந்த மனுஷர். மாப்பிள்ளைப் பையன் தூணைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மாரிச்செல்வியை வீட்டிலேயே விட்டுவிட்டு உலகம்மாள் மட்டும் வந்திருந்தாள். பஜார்க்காரர்கள் எல்லோரும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள். தங்கபுஷ்பம் பெண்கள் பக்கம் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவளோடு விளக்கும் வந்திருந்தது, அவள் அழைக்காமலே, டக் டக்கென்று, பஜார் நெடுக அவள் நிழலை மிதித்துக்கொண்டு. அதைப் பார்த்தவர்கள், கடைக்காரிக்குப் பாத்திரங்கள் எப்படிக் கட்டுப்பட்டு நடக்கின்றன பாருங்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வெள்ளத்துரை எழுந்து கும்பிட்டார். "நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. விளக்கு ஏன் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும். தெரியாம எப்படி நான் ஒரு பொண்ணைக் கூட்டிட்டுப் போவேன்?"

உலகம்மாள் எழுந்தாள். அவள் குரல் தெளிவாக இருந்தது.

"நான்தான் ஏமாத்துனேன். கிழிஞ்ச நோட்டை மறச்சு வச்சுக் குடுத்தேன். கடைக்கார அக்காவும் அதுதான்னு சொல்லிட்டாவ. எம் மகளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ அப்படிப்பட்டவ இல்ல. நான்தான். என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க, வீட்டுப் பக்கமே வர மாட்டேன், அவளை மட்டும் வேண்டாம்னு சொல்லிராதீங்க."

சொல்லிவிட்டு அவள் எல்லோர் முன்னாலும் தரையில் விழுந்து கும்பிட்டாள். செய்யாத குற்றத்தைத் தேடிப்பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தி தரையில் கிடப்பதைத் தங்கபுஷ்பம் பார்த்தாள். கடையைக் காப்பாற்றுவது என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தது இதைத்தானா என்று மனசு கேட்டது. வெட்கம் என்றால் என்ன என்பது அவளுக்கு அந்த வயசில்தான் தெரிந்தது.

அவள் எழுந்தாள். "மீரான் பாய்" என்றாள். "ஓட்டைப் பாத்திரம் பத்த வைக்கிற கேஸ் டார்ச்சைக் கொண்டாங்க."

அவர் அதை ஏற்கெனவே பையில் கொண்டு வந்திருந்தார்.

"மதினி, உக்காருங்க" என்று இசக்கிராஜா எழுந்தார். அவள் கேட்கவில்லை. விளக்கைப் படுக்க வைத்து, அடிவட்டத்தின் தகட்டை மீரான் பாய் நெம்பி எடுத்து, தீயைக் காட்டினார். முதலில் வாடை வந்தது, அரக்கு கருகும் வாடை. பிறகு கறுப்பாக, குழம்பாக, செங்கல் பொடியோடு சேர்ந்து விளக்கின் உள்ளிருந்தது உருகி வழியத் தொடங்கியது. வழிந்துகொண்டே இருந்தது. மண்டபத்துக் கல்தரையில் வட்டமாகப் பரவி, முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் காலை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு வழிந்தது. கடைசியில் மீரான் பாய் விளக்கைத் துணியால் பிடித்து ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டினார்.

"உலகம்மா தந்தது நல்ல பணம்" என்றாள் தங்கபுஷ்பம். "நான் குடுத்ததுதான் நல்ல விளக்கு இல்ல. சுத்தப் பித்தளைன்னு சொல்லி இதை எடை போட்டுக் குடுத்தேன். அதனாலதான் இது என் கடைக்கு வந்து நின்னுச்சு. அது வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். நேத்து இவ வந்து கேட்டப்போ, இருக்கும்னு இன்னொரு பொய்யும் சொன்னேன்."

"தெருவையே கொன்னுட்டீங்க" என்றார் இசக்கிராஜா. பஜார்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். வெள்ளத்துரை உலகம்மாள் முன்னால் வந்து நின்று, "தங்கச்சி, எந்திரிம்மா, நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றார். மாப்பிள்ளைப் பையன் தூணை விட்டுவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். அங்கேயே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள், வெற்றிலை வாங்க ஆள் ஓடியது.

தங்கபுஷ்பம் கூட்டம் குறையும்வரை காத்திருந்து உலகம்மாளிடம் போனாள். கடையில் இருப்பதிலேயே கனமான வார்ப்பு விளக்கைத் தருவதாகவும், கல்யாணத்துக்கு வேண்டிய பாத்திரமெல்லாம் தானே செய்வதாகவும் சொன்னாள். உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். ஏசுவாள் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள், அதற்குத் தயாராகவும் இருந்தாள்.

"விளக்கு கெடக்கட்டும் அக்கா" என்றாள் உலகம்மாள். "ரெண்டு நாளு என்னைய நானே திருடின்னு நம்பிட்டேன். எம் புள்ளை மொகத்தைப் பாக்க முடியாம சோத்தைப் போட்டு வச்சுட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன். அந்த ரெண்டு நாளை எதுல வச்சு நிறுத்துத் தருவீங்க?"

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. தன் பழைய விளக்கையே கூப்பிட்டாள். உள்ளே ஒன்றுமில்லாமல் லேசாகிவிட்ட அது ஒரு கன்றுக்குட்டி துள்ளுவது போலத் துள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விட்டது.

மறுநாள் விடிந்தபோது ரோடு முழுக்க விளக்குகள். கடையத்திலிருந்தும் பாவூர்சத்திரத்திலிருந்தும் இன்னும் பெயர் தெரியாத ஊர்களிலிருந்தும், பெரியதும் சிறியதும், நேற்று வாங்கியதும் ஆதிலிங்கம் காலத்தில் வாங்கியதும், நேர்த்திக்கடனுக்குக் கோயிலில் வைத்ததும், மகள் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோனதும், டக் டக்கென்று பஜாருக்குள் நுழைந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் அதை வாங்கியவர்கள் நடந்து வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தலை குனிந்துகொண்டு, பக்கத்தில் நடப்பவரின் முகத்தைப் பார்க்காமல் வந்தார்கள். முந்தின சாயங்காலம் மண்டபத்தில் நடந்தது அவர்கள் ஊர்களை இன்னும் எட்டவில்லை. பலகையைப் பற்றி மட்டும் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

மற்றக் கடைகள் திறக்கவில்லை. சாத்திய ஷட்டர்களுக்கு முன்னால் விளக்குகள் போய் நின்றன, அவற்றின் ஆட்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கூடவே நின்றார்கள். தங்கபுஷ்பத்தின் கடை மட்டும் திறந்திருந்தது. வாசலில் சாக்கை விரித்து, மீரான் பாய் டார்ச்சோடு ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அலமாரியில் இருந்த நல்ல பாத்திரங்களை எல்லாம் இறக்கி அவள் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கி வைத்திருந்தாள். அரக்கு எவ்வளவு எடையோ அவ்வளவுக்குப் பாத்திரம் கொடுத்து அனுப்புவது என்று தீர்மானித்திருந்தாள். இப்படியே கொடுத்தால் கடையில் என்ன மிஞ்சும் என்று மீரான் பாய் கேட்டதற்கு, தெரியலை பாய் என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

முதலில் வந்தவர் ஒரு வயசான மனுஷர். தோளில் கிடந்த துண்டை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, விளக்குக்குப் பின்னால் ஒளிகிற மாதிரி நின்றார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல அவர் உதடு அசைந்தது.

"தாயி, நாங்க வேணும்னு செய்யல. அன்னைக்கு எங்க வீட்டுக்காரி ஒரு கரண்டிக்குக் காசு குடுத்தாளா இல்லியான்னு..."

"நீங்க இல்லய்யா" என்றாள் தங்கபுஷ்பம், அவரை முடிக்க விடாமல். "நான்."

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். அவள் எழுந்து, அவரைக் கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தாள். பிறகு, பின்னால் வரிசையில் தலை குனிந்து நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, அதையே இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள்.